வரிசை நிற்கும் கடைக்கு விளம்பரம் எதற்கு?

வாங்குவோர் வாயிலில் காத்து நிற்கையில் விளம்பரம் எதற்கு என்று மாணவ நண்பர் ஒருவர் என்னை வினவினார். அரியலூரைப் பாரும் என்றேன். பெரம்பலூரிலிருந்து அங்குச் செல்லும் வழியில் சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியை நான் பலமுறை உண்டிருக்கிறேன்!

அங்கு அரசின் சிமெண்டு ஆலை 1979-இல் இயங்கத் தொடங்கியது. அந்நாளில் சிமெண்டின் விலையும் விநியோகமும் அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்தன. வீடு கட்டுவோர் அனுமதிச் சீட்டுடன் மூட்டைக்காகக் காத்துக் கிடந்தனர். எந்த ஆலையின் சரக்கு என்று கேட்பாரில்லை. 1982-இல் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. 1989-இல் முற்றும் நீங்கியது. பின்னர் அவ்வட்டாரத்திலேயே தனியார் ஆலைகள் பல எழுந்தன. காத்து நின்றவர் தேர்ந்தெடுப்பவராயினர்.

அப்பொழுது விளம்பரத்தைத் தொடங்கினால் போதாதோ? போதாது. கொத்தனார் ஒரு பெயரை நம்புவதற்குள் பல வீடுகள் எழும்பிவிடும். சூளையோ அதுவரை பொறுத்திராது. அதனை அணைத்து மீண்டும் மூட்டுவது பெருஞ்செலவு. மூட்டைகளை அடுக்கி வைக்கலாமென்றால், ஈரக்காற்றில் சில திங்களுக்குள் சிமெண்டு வலுவிழக்கும். ஐப்பசி மழையில் கட்டட வேலை நின்று சரக்குத் தேங்கும்போது, கடைக்காரர் எந்தப் பெயரை முதலில் சொல்வார்? சித்திரையில், சரக்குப் போதாதிருந்த நாளிலும், தம்மை நாடி வந்து பேசிய ஆலையின் பெயரைத்தான்.