வலியை மறைப்பது உழைப்பாகாது

ஸ்காபுறோவில் வாழும் சகோதரி ஒருவரை அண்மையில் சந்தித்தோம். பொதி செய்யும் தொழிற்சாலையொன்றில் ஒன்பது ஆண்டுகளாக நின்றபடியே வேலை செய்பவர். நள்ளிரவில் வலக்கை விறைத்து விழித்தெழுவதும், கையை உதறிவிட்டு மீண்டும் படுப்பதும் ஓராண்டாக அவருக்குப் பழகிப்போன விடயங்கள். தேநீர்க் கோப்பை கைநழுவி விழுந்து உடைந்த பின்னரே வைத்தியரிடம் சென்றார்.

"ஏன் அக்கா, முதலே சொல்லேல்லை?" என்று கேட்டோம்.

"சொன்னால் வேலைக்குக் கூப்பிடமாட்டினம் தம்பி. ஊருக்கு மாதாமாதம் காசு அனுப்ப வேணுமே" என்றார்.

இது அவர் ஒருவரின் பதிலன்று. உணவகங்களில் கோப்பை கழுவுவோர், இறைச்சி வெட்டுவோர், களஞ்சியங்களில் பெட்டி தூக்குவோர், இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்வோர் என எம்மவர் பலரும் இதையே கூறுகின்றனர். வேலை என்றால் நோகத்தான் செய்யும் என்று தைலத்தைப் பூசிக்கொண்டு மறுநாளும் வேலைக்குச் செல்கின்றனர்.

இந்த வலி எவ்வாறு உண்டாகின்றது? மணிக்கட்டில் ஓர் ஒடுங்கிய வழி உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநார்களும் ஒரு நரம்பும் அதனூடாகவே செல்கின்றன. ஒரே அசைவை ஆயிரக்கணக்கான தடவைகள் செய்யும்போது தசைநார்களைச் சூழ்ந்த உறை வீங்கி நரம்பை அழுத்துகின்றது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியன விறைப்பதும், இரவில் வலி மிகுவதும் இதன் அறிகுறிகள். ஆரம்பத்தில் ஓய்வும், இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டியும் பலருக்குப் போதுமானவை. நெடுங்காலம் கவனியாது விட்டால் பெருவிரலின் அடித்தசை மெலிந்துவிடும். அதன்பின் சத்திரசிகிச்சை செய்தாலும் இழந்த பலம் முழுமையாகத் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை.

"நாள் முழுவதும் உடலால் உழைக்கின்றோம், எமக்கு எதற்கு உடற்பயிற்சி?" என்று கேட்போரும் உளர். தொழிற்சாலை வேலை சில தசைகளை மட்டுமே வருத்துகின்றது. ஏனைய தசைகள் அசைவின்றி இறுகிக் கிடக்கின்றன. இதயத்துக்கும் முதுகுக்கும் வேண்டிய பயிற்சி அதிற் கிடைப்பதில்லை. வளர்ந்தோர் வாரத்தில் குறைந்தது 150 நிமிடங்களாவது வேகமாக நடத்தல் போன்ற உடலசைவில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. இரண்டு தரிப்பிடங்கள் முன்னதாகவே பேருந்திலிருந்து இறங்கி நடப்பதற்குப் பணம் தேவையில்லை. பனிக்காலமாயின், வணிக வளாகத்தினுள் பிள்ளைகளுடன் நடக்கலாம்.

வேலைத்தலத்திலும் செய்யக்கூடியவை உள. வேலை மேசை முழங்கை உயரத்தில் இருத்தல் நன்று. மணிக்கட்டை வளைக்காது நேராக வைத்திருங்கள். பாரத்தை உடலோடு அணைத்துத் தூக்குங்கள். திரும்பும்போது இடுப்பை முறுக்காமற் பாதங்களை நகர்த்துங்கள். நெடுநேரம் நிற்பவர்கள் ஒரு காலைச் சிறு பலகைமேல் மாறி மாறி வைத்தால் முதுகு ஆறும். சில மணித்தியாலங்களுக்கு ஒரு தடவை வேறு வேலைக்கு மாற்றிவிடும்படி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். உணவு இடைவேளையை விட்டுக்கொடுக்காதீர்கள். தொடர்ந்து ஐந்து மணித்தியாலங்களுக்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்குவதை ஒன்ராறியோச் சட்டம் அனுமதிப்பதில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது, வலியை வெளியே சொல்வதாகும். ஒன்ராறியோவில் வேலைத்தலப் பாதுகாப்பு, காப்புறுதிச் சபை என்றோர் அமைப்பு உண்டு. டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்றே அதனை எம்மவர் அழைப்பர். பெரும்பாலான தொழிற்சாலைகளும் உணவகங்களும் அதற்குள் அடங்கும். அதற்கான கட்டணத்தை முதலாளியே செலுத்துகின்றார். எமது சம்பளத்தில் கழிப்பதற்கில்லை. திடீர் விபத்து மட்டுமன்றி, நாளடைவில் வந்த கைவலியும் முதுகுவலியும் வேலையால் ஏற்பட்டவையாயின் நட்டஈடு கோரலாம். குடிவரவு நிலை இதற்குத் தடையன்று. அகதிக் கோரிக்கை முடிவாகாதவர்களுக்கும் இந்த உரிமை உண்டு.

வலி தொடங்கியதும் மேற்பார்வையாளரிடம் கூறி, கூறிய திகதியைக் குறித்து வையுங்கள். முகவர் நிலையம் ஊடாக வேலைக்குச் செல்வோர் அங்கும் அறிவிக்க வேண்டும். வைத்தியரிடம், "கை நோகுது" என்பதோடு நில்லாது, என்ன வேலையால் நோகின்றது என்பதையும் விளக்குங்கள். அவர் 8ஆம் இலக்கப் படிவத்தையும், நீங்கள் 6ஆம் இலக்கப் படிவத்தையும் சபைக்கு அனுப்ப வேண்டும். கோரிக்கைக்குரிய காலம் ஆறு மாதங்களே. முறையிட்டதற்காக ஒருவரைப் பழிவாங்குவது சட்டப்படி குற்றம்.

அந்தச் சகோதரி இப்போது வேறு பகுதியில் வேலை செய்கின்றார். இரவில் நித்திரை வருகின்றது. ஆயினும் சட்டைப் பொத்தானைப் பூட்ட இன்னமும் மகளின் உதவி தேவைப்படுகின்றது. "முதல் மாதமே வாய்திறந்திருக்கலாம்" என்றார்.

சுவர் இருந்தாற்றான் சித்திரம் வரையலாம். ஊரிலுள்ள உறவுகளையும் இங்குள்ள பிள்ளைகளையும் தாங்குபவை எமது கைகளே. அவற்றைக் காப்பது சோம்பலன்று, கடமை. இன்றிரவு உங்கள் வீட்டில் எவரேனும் கையை உதறிக்கொண்டு விழித்தெழுந்தால், நாளையே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.