பந்தைத் தொடாமலே கூடைப்பந்துக் கோப்பை! தெரியுமா?

கூடைப்பந்தில் சாம்பியன் ஆக ஆறரை அடி உயரம் வேண்டியதில்லை. ஓட வேண்டியதில்லை, எம்பிக் குதிக்க வேண்டியதில்லை, பந்தைத் தொடக்கூட வேண்டியதில்லை. தெரியுமா? இணையத்தில் இதற்கென்றே லீகுகள் நடக்கின்றன. அங்கே நீங்கள் ஆட்டக்காரர் அல்ல, மேலாளர். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை எத்தனை நிமிடம் இறக்குவது, ஆளுக்கு ஆள் தடுப்பதா, பகுதி பிரித்துத் தடுப்பதா என்ற முடிவுகள் மட்டும்தான் உங்களுடையவை. 2007-இல் தொடங்கிய பஸ்ஸர்பீட்டர் லீகில் எல்லா உத்தரவுகளையும் ஆட்டத்துக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். விசில் ஊதிய பிறகு ஒரு மாற்று வீரரைக்கூட உங்களால் உள்ளே அனுப்ப முடியாது! திரையில் வரிவரியாக ஓடும் வர்ணனையை நெஞ்சு படபடக்கப் படித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த லீகில் ஒரு பையனுக்குப் பயிற்சி கொடுப்பது எப்படித் தெரியுமா? இங்கேதான் எனக்கு முதலில் புல்லரித்தது. அந்த வாரம் எந்தத் திறமையை வளர்க்கப் போகிறீர்கள் என்று சொல்கிறீர்கள். அந்தத் திறமை எந்த இடத்தில் ஆடுகிறவருக்கு உரியதோ, அதே இடத்தில் அவர் ஆட்டங்களில் நிமிடங்களைச் சேர்க்க வேண்டும். ஒரு முழு ஆட்டத்தின் நீளமான 48 நிமிடங்கள் சேர்ந்தால்தான் முழுப் பயிற்சி. இப்போது யோசித்துப் பாருங்கள். கூடைக்கு அடியில் ஆடும் ஏழடி உயர சென்டருக்கு பாஸ் கொடுக்கக் கற்றுத்தர ஆசைப்படுகிறீர்கள். அதற்கு அவரை, பந்தை நடத்திச் செல்லும் பாயிண்ட் கார்டாக நிறுத்தியாக வேண்டும்! பந்து பறிபோகும். எதிரணியின் வேகமான சின்னப் பையன் அவரைச் சுற்றிச் சுற்றி ஓடுவான். அந்த ஆட்டமே கைவிட்டுப் போகலாம். இன்றைக்குத் தோற்கத் துணிகிறவருக்குத்தான் சில சீசன்கள் கழித்து எவரிடமும் இல்லாத ஒரு சென்டர் கிடைப்பார்.

உயரமும் கணக்கில் உண்டு. நெட்டையான பையன்கள் கூடைக்கு அடியில் ஆடும் வித்தைகளைச் சீக்கிரம் கற்கிறார்கள். குட்டையானவர்கள் பந்தைக் கையாள்வதை. ஆகவே எளிதாக வளர்வது எல்லோரிடமும் இருக்கும், ஏலத்தில் மலிவாகவும் வரும். இயல்புக்கு எதிராகப் பாடுபட்டு வளர்த்த திறமைக்கு விலை எகிறும். சரி, பிடித்த வீரரை எல்லா ஆட்டத்திலும் முழுக்க இறக்கிவிடலாமே என்றால், அதுவும் முடியாது. வாரத்துக்கு நிமிடங்கள் கூடிப்போனால் உடல் தளர்கிறது, குறைந்துபோனாலும் தளர்கிறது. வாரத்தில் லீக் ஆட்டம் இரண்டு, கோப்பை ஆட்டமோ நட்பு ஆட்டமோ ஒன்று. இந்த மூன்றுக்குள் ஒரு டஜன் பேருடைய நிமிடங்களைப் பங்கிட்டுப் பாருங்கள். இரவுத் தூக்கம் போய்விடும்!

ஒவ்வொரு வீரருக்கும் ‘இவர் எவ்வளவு தூரம் வளர முடியும்’ என்றொரு உச்சவரம்பு உண்டு. மொத்தம் 12 படிகள். உச்சியில் இருப்பவர் எல்லாக் காலத்துக்குமான மகா ஆட்டக்காரர். கீழ்ப்படியில் இருப்பவர்? வர்ணனையாளர்! ஆடி மேலே வர வழியில்லை, மைக்கைப் பிடிக்கலாம் என்று லீகே சொல்லிவிடுகிறது.

எதிராளியின் மனத்தைப் படிக்கவும் இங்கே மதிப்பு உண்டு, தெரியுமா? எதிரணி உள்ளே புகுந்து ஆடுமா, வெளியிலிருந்து வீசுமா, நிதானமாகவா, வேகமாகவா என்று முன்கூட்டியே ஊகித்து எழுதிக் கொடுக்கலாம். சரியாக ஊகித்தால் உங்கள் தடுப்பு இறுகும். தவறினால் அதற்குத் தண்டனை! எதிராளி முந்தைய ஆட்டங்களில் எதைச் செய்தார், தோல்விக்குப் பிறகு முறையை மாற்றுகிறவரா, பழக்கத்தை விடாத பிடிவாதக்காரரா என்று மேலாளர்கள் பழைய பதிவுகளைத் தோண்டுகிறார்கள். அணியின் உற்சாகமும் ஒரு சேமிப்புக் கணக்கு. எளிய ஆட்டத்தில் ‘சும்மா ஆடுங்கள்’ என்று உத்தரவிட்டால் உற்சாகம் மிஞ்சும். ‘உயிரைக் கொடுத்து ஆடுங்கள்’ என்றால் அன்றைக்கு வெல்லலாம், பின்வரும் வாரங்களில் கை வெறுமையாகும்.

சரி, கணினிக்குள் அந்த ஆட்டம் எப்படித்தான் நடக்கிறது? பந்து கையில் கிடைத்ததிலிருந்து கைமாறும் வரை உள்ள ஒரு முறைதான் அடிப்படை அலகு. அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்பிஏ ஆட்டத்தில் ஓர் அணிக்கு இப்போது அப்படிச் சுமார் 100 முறைகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் நிரல் வரிசையாகக் கேட்கிறது: பந்து பறிபோனதா? யார் வீசுகிறார்? எதிரில் தடுப்பவர் எவ்வளவு கெட்டிக்காரர்? உள்ளே விழுந்ததா? விழவில்லை என்றால் தெறித்து வரும் பந்து, அதாவது ரீபவுண்ட், யாருக்கு? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிகழ்தகவு, அதற்கு ஒரு தற்செயல் எண்!

இந்த உத்தி எங்கிருந்து வந்தது தெரியுமா? அணுகுண்டு ஆய்வில் இருந்த கணித மேதை ஸ்தானிஸ்லாவ் உலாம் 1946-இல் நோயிலிருந்து தேறிவந்தபோது தனியாளாகச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். இந்த ஆட்டம் வெற்றியில் முடிய எவ்வளவு வாய்ப்பு என்று சூத்திரத்தால் கணக்கிட முயன்றார். தலை சுற்றியது. நூறு தடவை ஆடிப் பார்த்து எத்தனை தடவை வெல்கிறோம் என்று எண்ணிவிட்டால் என்ன? அந்த ஒரு கேள்வியிலிருந்து, ஜான் வான் நாய்மன் துணையோடு, மான்டே கார்லோ முறை பிறந்தது. உலாமின் உறவினர் ஒருவருக்கு மான்டே கார்லோ சூதாட்ட விடுதியின் மீது இருந்த மோகம்தான் அந்தப் பெயருக்குக் காரணம். அணுகுண்டு இயற்பியலுக்குத் துணைநின்ற அதே உத்திதான் இன்று உங்கள் அணியின் கடைசி வினாடி வீச்சையும் தீர்மானிக்கிறது!

கடைசி வினாடி என்றதும் நினைவுக்கு வருகிறது, 24 வினாடி விதி. பந்து கிடைத்த அணி 24 வினாடிக்குள் வீசியாக வேண்டும். ஏன் 24? சிரக்யூஸ் நகரத்து அணியின் உரிமையாளரும் பௌலிங் கூடம் நடத்தியவருமான டேனி பியாசோன் சுவையான ஆட்டங்களை எடுத்துப் பார்த்தார். இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 தடவை வீசியிருந்தன. 48 நிமிடம் என்பது 2,880 வினாடி. வகுத்தால் 24! அதற்கு முன் முன்னணியில் இருக்கும் அணி பந்தைப் பிடித்துக்கொண்டு நேரத்தைக் கடத்தும். 1950 நவம்பர் 22 அன்று ஓர் ஆட்டம் 19-18 என்று முடிந்தது, அதுவும் முழு ஆட்டத்தின் மொத்தப் புள்ளிகள். 1954-இல் என்பிஏவில் விதி வந்ததும் ஓர் அணியின் ஆட்டச் சராசரி 79 புள்ளியிலிருந்து 93-க்குத் தாவியது.

நல்ல மேலாளர்கள் எந்த எண்ணைப் பார்க்கிறார்கள்? எத்தனை புள்ளி எடுத்தார் என்பதை அல்ல. கூடைப்பந்துப் புள்ளியியலாளர் டீன் ஆலிவர் 2004-இல் வெளியிட்ட நூலில் வெற்றியை நான்கு காரணிகளாகப் பிரித்தார். வீச்சின் துல்லியத்துக்கு 40 சதவீதம் எடை. பந்தைப் பறிகொடுக்காமல் இருப்பதற்கு 25. ரீபவுண்டுக்கு 20. ஃப்ரீ த்ரோவுக்கு 15. முப்பது புள்ளி குவிக்கும் நட்சத்திரம் நாற்பது வீச்சுகளை வீணடித்தால் அணிக்கு அவர் சுமை என்பது இந்தக் கணக்கில் பளிச்சென்று தெரிந்துவிடும். மூன்று புள்ளி வீச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 36 விழுந்தால் 108 புள்ளி. இரண்டு புள்ளி வீச்சு நூற்றுக்குப் பாதி விழுந்தாலும் 100 புள்ளிதான். குறி அதிகம் தவறுகிற வீச்சுக்கே அதிகப் புள்ளி!

இதைவிட ஆச்சரியம் ஒன்று. வெற்றி தோல்விப் பட்டியலையே நம்பாத மேலாளர்கள் இருக்கிறார்கள், தெரியுமா? அவர்கள் பார்ப்பது எடுத்த புள்ளியையும் கொடுத்த புள்ளியையும். பேஸ்பாலுக்கு பில் ஜேம்ஸ் உண்டாக்கிய சூத்திரத்தில் இரண்டையும் வர்க்கப்படுத்தினால் போதும், அதனாலேயே அதற்கு பித்தாகரஸ் பெயர். கூடைப்பந்துக்கு டேரில் மோரி கண்ட அடுக்கு 13.91. இரண்டு அல்ல, ஏறக்குறைய பதினான்கு! சராசரியாக 110 எடுத்து 105 கொடுக்கும் அணிக்கு 82 ஆட்டங்களில் சுமார் 54 வெற்றி வர வேண்டும். வெறும் 5 புள்ளி வித்தியாசம் ஒரு சீசனையே தூக்கி நிறுத்துகிறது. 54 வர வேண்டிய அணி 46-இல் நின்றால், கடைசி நொடிகளில் அதிர்ஷ்டம் கைவிட்டிருக்கலாம். விவரம் தெரிந்தவர் பதறி வீரர்களை விற்க மாட்டார். பக்கத்து அணிக்காரர் பதறுகிறாரா என்று பார்த்து அவரிடம் வாங்குவார்!

‘நிரல் கோளாறு, இப்படியெல்லாம் நடக்காது’ என்று கணினி லீகில் புலம்பாத மேலாளர் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்காகவே நடந்தது போல ஒரு நிஜ ஆட்டம். 2018 மே 28, என்பிஏ மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். மோரி பொது மேலாளராக இருந்த, மூன்று புள்ளி வீச்சை வேதமாகக் கொண்ட ஹூஸ்டன் ராக்கெட்ஸ் சொந்த ஊரில் முன்னணியில் இருந்தது. பிறகு மூன்று புள்ளி வீச்சுகளைத் தவறவிடத் தொடங்கியது. ஒன்று, இரண்டு அல்ல, தொடர்ந்து 27! கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 101-92 என்று வென்றது. ஒவ்வொரு வீச்சும் தனித்தனி, விழும் வாய்ப்பு 36 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால், குறிப்பிட்ட 27 வீச்சுகள் அடுத்தடுத்துத் தவற வாய்ப்பு சுமார் 1,70,000-இல் ஒன்று. கணினி செய்திருந்தால் யாராவது நம்பியிருப்பார்களா?

மீண்டும் கணினிக்கு வருவோம். இன்னொரு மேலாளர் விளையாட்டு பேஸ்கட்பால் ஜிஎம். இதில் எதிரணிகளை நடத்துவது கணினிதான். முழுக்க முழுக்க உங்கள் உலாவிக்குள்ளேயே ஓடுகிறது. ஏற்றிவிட்டால் இணையத் தொடர்பு அறுந்தாலும் ஆடலாம். அதன் மூல நிரலை எவரும் படித்துப் பார்க்கலாம். அதில் ஒரு விஷயம் என்னை மலைக்க வைக்கிறது: திரையில் காட்டும் திறமை எண் உண்மையான எண் அல்ல! வேண்டுமென்றே கொஞ்சம் கலக்கிக் காட்டுகிறார்கள். டிராஃப்ட் எனப்படும் புதியவர் தேர்வுக்கு வரும் இளைஞர்களின் எண்களில் இந்தக் கலங்கல் அதிகம். திறமையைத் தேடி எடைபோடும் சாரணர்களுக்குக் காசு செலவழித்தால் சற்றுத் தெளியும், முழுதாக ஒருபோதும் தெளியாது. போதாததற்கு, சீசன் முடிந்ததும் ஒவ்வொருவரும் எவ்வளவு வளர்கிறார், எவ்வளவு தேய்கிறார் என்பதிலும் தற்செயல் புகுந்துவிடும். பத்தொன்பது வயதுப் பையன் ஒரே கோடையில் நட்சத்திரமாகலாம், அதே கோடையில் காணாமலும் போகலாம்.

மிகைப்படுத்துகிறார்களோ என்று தோன்றுகிறதா? நிகோலா யோகிச்சைப் பாருங்கள். 2014 டிராஃப்டில் 41-ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவர் பெயர் அறிவிக்கப்பட்டபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது! அவர் 2021, 2022, 2024 என மூன்று முறை என்பிஏவின் சிறந்த வீரர் ஆனார். பாஸ் கொடுப்பதில் கார்டுகளை மிஞ்சும் சென்டர் அவர். பஸ்ஸர்பீட்டரில் மேலாளர்கள் தோல்விகளைத் தின்று உருவாக்கத் துடிக்கிறார்களே, அதே வார்ப்பு.

மனிதருக்கு எதிர் மனிதர் என்று நடக்கும் லீகுகளில் மிகப் பெரிய ஆபத்து எது தெரியுமா? அவசரக்காரர். இன்றைய வெற்றிக்காக வருங்கால டிராஃப்ட் உரிமைகளை எல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு, இரண்டே சீசனில் அணியைப் பாழாக்கி விலகிப்போவார். அடுத்து வருபவருக்கு வெறும் கூடுதான் மிஞ்சும். இதுவும் நிஜத்தில் நடந்ததே. 1980-இல் கிளீவ்லாந்து அணியை வாங்கிய டெட் ஸ்டெபியன் காலத்தில் முதல் சுற்று உரிமைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறின. புதிதாகச் சேர்ந்த டல்லாஸ் அணி அவற்றில் பலவற்றை வாரிக்கொண்டது. கடைசியில், அடுத்தடுத்த இரண்டு வருங்கால ஆண்டுகளுக்கு முதல் சுற்று உரிமையே இல்லாதபடி எந்த அணியும் விற்கக் கூடாது என்று என்பிஏ விதி செய்தது. அந்த விதி இன்றும் ஸ்டெபியன் பெயரில்தான் வழங்குகிறது. கணினி லீகுகளை நடத்தும் கமிஷனர்களும் அதை எடுத்துவந்து வைத்துக்கொண்டது எவ்வளவு புத்திசாலித்தனம்! பக்கத்து அணிக்காரர் அழிந்தால் லீகே அழியும் என்பதைப் புரிந்த மேலாளர்கள் புதியவரிடம் ஏமாற்று டிரேட் கேட்பதில்லை. லீகை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பவர்கள் அவர்கள்தான் என்பேன்.

பேஸ்கட்பால் ஜிஎம்மில் வீரர்களுக்கு மனமும் உண்டு. ஒருவருக்குப் பணம் பெரிது, இன்னொருவருக்குப் புகழ், வேறொருவருக்கு வெற்றி, சிலருக்கு விசுவாசம். கோடி கொட்டினாலும் தோற்கும் அணியில் கையெழுத்துப் போட மறுப்பவர் உண்டு. முதலாளிக்கு லாபமோ வெற்றியோ பிடிபடாவிட்டால் உங்கள் வேலையே போய்விடும். மிக அரிதாக ஒரு வீரர் விபத்தில் இறந்துவிட்டதாகச் செய்தி வரும். கணினி இட்டுக்கட்டிய பெயர்தான் என்று தெரிந்தும் மனம் கனக்கும், ஏனென்றால் அவருடைய முதல் ஆட்டத்திலிருந்து எல்லாப் புள்ளிவிவரமும் அங்கேயே இருக்கிறது. இன்னும் கேளுங்கள்: உங்களுக்குக் கோப்பை வாங்கித் தந்து ஓய்வுபெற்ற வீரரின் மகன், பல சீசன் கழித்து டிராஃப்ட் பட்டியலில் வந்து நிற்கலாம்! அப்பாவின் கை அவனுக்கு வரும் என்று எந்த உறுதியும் கிடையாது. எண் குறைவாக இருந்தும் அந்தப் பையனை முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்கிற மேலாளர்கள் இருக்கிறார்கள். நானாக இருந்தாலும் எடுப்பேன்.