உதிர்ந்த இலையால் ஓர் உணவு மேசை



திருவருகைக்காலம் பிறந்ததும் கடைத்தெருக்களில் மேலைநாட்டு இலையுதிர் காலமும் பனிக்காலமும் பிளாஸ்டிக் வடிவில் விற்பனைக்கு வந்துவிடுகின்றன. செந்நிற இலைகள், பைன் காய்கள், பனி தூவிய மாலைகள் என எத்தனையோ! நத்தார் விருந்து மேசைக்கு இவை இன்றியமையாதவை என்று எண்ணி நாமும் விலை கேட்கிறோம்.

ஆனால் சப்ரகமுவவின் இறப்பர் தோட்டங்களில் வாழ்வோர் இலையுதிர் காலத்தைக் கடையில் தேட வேண்டியதில்லை. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் ஆண்டின் இறுதியில் தொடங்கி பெப்ரவரி வரை இறப்பர் மரங்கள் இலையுதிர்க்கின்றன. பச்சை இலை மஞ்சளாகி, செம்பு நிறம் பெற்று, பால் வெட்டச் செல்லும் பாதையெங்கும் விழுந்து கிடக்கிறது.

அந்த நிறத்தின் மறுபக்கத்தை அறிந்தவர் தொழிலாளரே. இலை உதிர்ந்து தளிர் விடும் வாரங்களில் மரம் தரும் பால் குறைகிறது. மழையில் பட்டை நனைந்தாலோ பால் வெட்டவே இயலாது. வருமானம் மெலியும் அந்த வேளையை ஒட்டியே நத்தாரும் வருகிறது. புத்தாடைக்கும் பலகாரத்துக்கும் கடன் வாங்கிவிட்டு, தைப்பொங்கல் கழிந்த பின்னும் வட்டி கட்டும் குடும்பங்கள் உண்டு. மேசையின் அழகுக்காக மேலும் ஒரு கடன் வேண்டுமா? இக்கேள்வியை இவ்வாரம் உங்கள் குடும்ப செபத்தில் வைத்துச் சிந்தியுங்கள்.

வாக்களிக்கப்பட்ட நாட்டை அடைந்தபின் நிலத்தின் முதற்பலனைக் கூடையில் வைத்து ஆண்டவர் திருமுன் கொண்டுவருமாறு மோசே மக்களைப் பணிக்கிறார் (இச 26:1-11). கூடையை வைக்கும்போது, தம் மூதாதை நாடோடியாய் அலைந்ததையும், எகிப்தில் தாம் பட்ட துயரையும் அவர்கள் எடுத்துரைக்க வேண்டும். தம்மிடையே வாழும் அந்நியரோடு சேர்ந்து மகிழவும் வேண்டும். அக்கூடையில் இருந்தது அவர்கள் நிலத்தில் விளைந்தது. அதனோடு சொல்லப்பட்டது அவர்கள் சொந்த வரலாறு.

நம் கூடைக்கும் வரலாறு உண்டு. இறப்பர் மரம் பிரேசில் நாட்டுக்குரியது. அங்கிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குச் சென்ற விதைகள் முளைத்து, 1876ஆம் ஆண்டு கன்றுகளாகக் கப்பலேறி, கம்பஹாவின் ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் ஊன்றப்பட்டன. நம் முன்னோரும் கடல் கடந்து வந்து இம்மண்ணில் வேரூன்றியவர்களே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே குடியுரிமைக்கு வழி திறந்தது. ஆகவே உதிர்ந்த ஓர் இறப்பர் இலையை மேசையில் வைப்பது வெறும் அலங்காரமன்று. நம் உழைப்பையும் வரலாற்றையும் இறைவன் திருமுன் வைப்பதாகும்.

இதனை எவ்வாறு செய்யலாம்? டிசம்பர் தொடக்கத்தில் ஒன்றிரண்டாகப் பழுத்து விழும் இலைகளைப் பிள்ளைகள் பொறுக்கி வரட்டும். பழைய நாளிதழ்த் தாள்களுக்கிடையே வைத்து அழுத்தினால் அவை சுருளாமல் உலரும். சில இலைகளை நீரில் ஊறவிட்டு, சதை அழுகியபின் மெல்லத் தேய்த்துக் கழுவினால் வலை போன்ற நரம்பு மட்டும் எஞ்சும். அதனைக் கொண்டு அழகிய பூக்கள் செய்யலாம். இதற்குச் சில வாரங்கள் ஆகும். நுளம்பு பெருகாதவாறு பாத்திரத்தை மூடிவையுங்கள். புள்ளியிட்ட இறப்பர் விதைகள் இரத்தினக்கற்களைப் போல் மின்னும். எனினும் அவை பச்சையாக உண்டால் நஞ்சாகும். உணவுத் தட்டுகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

தென்னை ஈர்க்கையோ உலர்ந்த கொடியையோ முறுக்கினால் திருவருகைக்கால வளையம் தயார். 1839ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில், ஏழைச் சிறுவர் இல்லமொன்றில் போதகர் விக்கெர்ன் ஏற்றிய வளையமும் ஒரு பழைய வண்டிச் சக்கரமே என்பர். ஊதா நிற மெழுகுதிரிகள் மூன்றும் இளஞ்சிவப்பு ஒன்றும் கிடைக்காவிடில், வெண்ணிறத் திரிகளில் வண்ணத்தாளின் சிறு துண்டுகளை அடிப்பக்கத்தில் ஒட்டினால் போதும். உலர்ந்த இலைக்கருகே சுடர் ஆபத்தானது. எனவே மணல் நிரப்பிய சிரட்டையில் திரியை ஊன்றி, இலைகளைத் தள்ளி வையுங்கள். சிரட்டை, இறப்பர்ப் பால் ஏந்திய பாத்திரமன்றோ!

ஒன்றை மறவாதீர்கள்: நிற்கும் செடியை வெட்ட வேண்டாம். 2016ஆம் ஆண்டு மே மாதம் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்களைப் புதைத்த துயரத்தை நாம் அறிவோம். சரிவுகளில் மண்ணைப் பற்றியிருக்கும் வேர்கள் அங்கேயே இருக்கட்டும். கீழே விழுந்தவையே நம் மேசைக்குப் போதும்.

லயத்து வீட்டில் மேசைக்கு இடமில்லையா? பாயை விரித்து நடுவில் வாழையிலை இடுங்கள். இறைமகன் பிறந்தபோது அவரைக் கிடத்தக் கிடைத்ததும் தீவனத் தொட்டியே (லூக் 2:7). கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்யும் பிள்ளைக்காக ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அங்கு ஓர் இலையை வைத்து அவருக்காகச் செபியுங்கள். முதல் தட்டுப் பலகாரம் பக்கத்துக் கிராமத்துச் சிங்களச் சகோதரரின் இல்லத்துக்குச் செல்லட்டும்.

ஈசாய் என்னும் அடிமரத்திலிருந்து தளிர் ஒன்று துளிர்க்கும் என்று எசாயா இறைவாக்குரைத்தார் (எசா 11:1). உதிர்ந்து நிற்கும் இறப்பர் மரமும் சில வாரங்களில் செம்பு நிறத் தளிர் விடுகிறது. பாலும் மீண்டும் பெருகுகிறது. பால் குறைந்த நாட்களிலும் நம்மைக் கைவிடாத ஆண்டவர், கடனற்ற மகிழ்ச்சியோடு உங்கள் குடும்பங்கள் இப்பெருவிழாவைக் கொண்டாட ஆசீர் அளிப்பாராக.