கொட்டகையில் நிற்கும் தாத்தா கார்
புதுப்பிக்கலாமா, விற்றுவிடலாமா? – வீட்டுப் பெண்மணி தெரிந்துகொள்ள வேண்டியவை

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பார்கள். பழைய காருக்கும் இது பொருந்தும். ஓடினாலும் மதிப்புதான், ஓடாமல் நின்றாலும் அதைக் கழற்றி விற்கிறவருக்கு லாபம்தான். நடுவில் கிடந்து தவிப்பது யார்? அந்த வீட்டுப் பெண்மணிதான்!

புதுக்கோட்டை மாவட்டத்தில் ராயவரம், அரிமளம், ராங்கியம், கோனாப்பட்டு என்று எந்த ஊருக்குப் போனாலும் பெரிய பெரிய செட்டிநாட்டு வீடுகள். பல வீடுகளில் வளவு, பட்டாலை, இரண்டாம் கட்டு என்பதோடு கார் கொட்டகையும் ஒன்று உண்டு. புதுக்கோட்டைக்கு ரயில் வந்ததே 1929-ல்தான். அதற்கு முன்பும் பின்பும் ஊருக்கு ஊர் போய்வர வசதி படைத்தவர்களுக்குக் கார் தேவைப்பட்டது. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போனவர்கள் சம்பாத்தியத்தில் ஆஸ்டின், மாரிஸ், ஹில்மன் என்று சீமைக் கார்கள் வந்து இறங்கின. பிறகு நம் நாட்டிலேயே தயாரான அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அவற்றில் சில இன்னும் தார்ப்பாய்க்கு அடியில் தூங்குகின்றன.

"என்னங்க, இதைக் காயலான் கடைக்குப் போட்டுட்டா இடமாவது மிச்சமாகும்" என்கிறாள் மருமகள். "ஐயா ஓட்டின வண்டி, போடக் கூடாது" என்கிறார் அப்பத்தா. "நானே ரிப்பேர் பண்றேன்" என்று ஸ்பானரைத் தூக்குகிறார் கணவர். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எதைச் செய்வதானாலும், சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு செய்யலாமே!

அசல் என்றால் ஏன் இவ்வளவு மதிப்பு?

புதுப்பிப்பது வேறு, புதிதாக்குவது வேறு. பாட்டியின் அட்டிகையில் ஒரு கல் விழுந்துவிட்டால், அதே மாதிரிக் கல்லைத் தேடிப் பதிப்பது புதுப்பிப்பது. அட்டிகையையே உருக்கி நெக்லஸ் செய்வது புதிதாக்குவது. பழைய காரிலும் அப்படித்தான். அதே எஞ்சின், அதே ஸ்டியரிங், அதே கதவுக் கைப்பிடி, அதே மீட்டர், அதே ஹெட்லைட் வளையம் – இவை இருந்தால்தான் அது 'அந்த'க் கார். டீசல் எஞ்சினை மாட்டி, புது மாடல் சீட்டைப் போட்டுவிட்டால் வெளித்தோற்றம் மட்டும்தான் பாக்கி.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. அப்படிப்பட்ட வாகனத்துக்குத்தான் 'விண்டேஜ்' அந்தஸ்து. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய். 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இந்தப் பதிவில் உள்ள காரைக் கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவோ, வாடகைக்கு விடவோ முடியாது.

நம் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. காமராஜர் பயன்படுத்திய கறுப்பு செவர்லே கார், எம்.டி.டி. 2727, பல காலம் ஓடாமல் நின்றது. அண்மைக் காலத்தில் டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் மோட்டார்ஸ் அதைப் பழைய தோற்றத்துக்கே கொண்டுவந்தது. எம்.ஜி.ஆரின் பச்சை நிற அம்பாசடர் சென்னை தியாகராய நகர் நினைவு இல்லத்தில் நிற்கிறது. அவற்றைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த மனிதர்கள் உட்கார்ந்த அதே சீட்டைத்தானே பார்க்க ஆசைப்படுகிறார்கள்! உங்கள் வீட்டு ஐயா தலைவராக இல்லாமல் இருக்கலாம். உங்கள் பிள்ளைகளுக்கு அவர்தானே தலைவர்?

முதல் வாரம்: தொடாதீர்கள், எழுதுங்கள்

ஆசை மிகுதியில் பாட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்யக் கூடாது. பல வருஷம் நின்ற எஞ்சினுக்குள் துரு பிடித்திருக்கும். டாங்கில் பெட்ரோல் பிசினாக உறைந்திருக்கும். அப்படியே சுழற்றினால் உள்ளே கீறல் விழும். மெக்கானிக் வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிறிது எண்ணெய் விட்டு ஊறவைத்து, கையால் மெள்ளச் சுற்றிப் பார்ப்பதுதான் முறை.

அதற்கு முன் உங்கள் வேலை ஒன்று இருக்கிறது. காரை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள், டிரங்குப் பெட்டியில், பத்திரங்களோடு பத்திரமாக இருக்கும். அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். வண்டி இறந்துபோன பெரியவர் பெயரில் இருந்தால், பங்காளிகள் எல்லாரையும் கலந்து பேசி, முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள். லட்சம் செலவழித்த பிறகு "எனக்கும் பங்கு உண்டு" என்று ஒருவர் வந்து நின்றால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

கழற்றும்போது ஒவ்வொரு ஆணியும் முக்கியம். ஊறுகாய் பாட்டில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாம் இப்போது உதவும். 'முன் வலது கதவு', 'டாஷ்போர்டு' என்று சீட்டு எழுதி ஒட்டிப் போட்டு வையுங்கள். மளிகை டப்பாக்களை வரிசையாக வைத்துப் பழகிய கைக்கு இது ஒரு பெரிய காரியமா? 'உடைந்தது' என்று எதையும் எறிந்துவிடாதீர்கள். உடைந்த கைப்பிடி இருந்தால்தான் அதைப் பார்த்து இன்னொன்று செய்ய முடியும்.

உதிரி பாகம் எங்கே?

அம்பாசடர் 2014 வரையிலும், பத்மினி 2000 வரையிலும் தயாரானவை. ஆகவே அவற்றின் பாகங்கள் இன்னும் ஓரளவு கிடைக்கின்றன. சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகங்களைத் தேடலாம். சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே அந்தக் காருக்கென்றே பாகம் விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம் ஊர் மாடலுக்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு. அளவு பார்த்துத்தான் வாங்க வேண்டும். கதவு ரப்பர், கண்ணாடி பீடிங் போன்றவற்றை மாதிரி கொடுத்துச் செய்துகொள்ளலாம். மங்கிய பம்பருக்கும் வளையத்துக்கும் குரோமியம் முலாம் மறுபடி போடலாம். சென்னையிலுள்ள மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகளில் இருப்பவர்களைக் கேட்டால், எந்தப் பாகம் அசல், எது போலி என்று விளக்குவார்கள்.

சேசிஸ் எண் உள்ள தகட்டை மட்டும் யார் சொன்னாலும் மாற்றவோ தேய்க்கவோ விடக் கூடாது. அது சட்டப்படி குற்றம்.

குழந்தை இருக்கும் வீடா? ஜாக்கிரதை!

தாய்மார்களே, இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

* பெயின்ட் தூசி: அந்தக் கால பெயின்டில் ஈயம் கலந்திருக்கும். அதை உப்புத்தாளால் தேய்த்தால் வரும் தூசி, தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குள் போகும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தசோகை, வயிற்று வலி, மலச்சிக்கல் வரலாம். எல்லாவற்றையும்விட மோசம், மூளை வளர்ச்சி பாதிக்கப்படுவது. அதைத் திரும்பப் பெற முடியாது. கர்ப்பிணியின் உடம்பில் சேரும் ஈயம் வயிற்றுக் குழந்தைக்கும் போகும். ஆகவே தேய்க்கும் வேலை வீட்டில் வேண்டவே வேண்டாம், பட்டறையில் நடக்கட்டும். வேலை செய்தவர் உடை மாற்றிக் குளித்த பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். கொட்டகையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லிக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பரிசோதிக்கலாம். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பில் ஈயம் அதிகமாக ஏறும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பால் எல்லாம் நல்லது. ஆனால் இவை மருந்தாகிவிடா.

* பிரேக் தூசி: பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். வாயாலோ காற்றடித்தோ ஊதினால் நுரையீரலுக்குள் போகும். அதன் கேடு பல வருஷம் கழித்துத்தான் வெளியே தெரியும். நனைத்துத் துடைப்பதே முறை.

* பெட்ரோல், மண்ணெண்ணெய்: இவற்றைக் கலர் பாட்டிலிலும் தண்ணீர் பாட்டிலிலும் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீரும் கொடுக்கக் கூடாது. வாந்தியெடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். டியூபை வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பது பெரியவர்களுக்கும் ஆபத்து.

* ரேடியேட்டர் கூலன்ட்: பார்க்க ஷர்பத் மாதிரி இருக்கும், ருசியும் இனிப்பு. கொஞ்சம் குடித்தாலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம்.

* பாட்டரி ஆசிட்: கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் கால் மணிக்குக் குறையாமல் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

* பூட்டு: கொட்டகையில் நிற்கும் கார் பிள்ளைகளுக்கு விளையாட்டு வீடு. உள்ளே போய்க் கதவு மாட்டிக்கொண்டால், நம் ஊர் வெயிலில் சில நிமிஷங்களில் உயிருக்கே ஆபத்து. காரையும் டிக்கியையும் கொட்டகையையும் எப்போதும் பூட்டி வையுங்கள். சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.

* எலி: சீட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். கையுறை போட்டு, கிருமிநாசினி தெளித்து ஊறவிட்டு அப்புறம் எடுங்கள். பாம்பு, தேளும் இருக்கலாம்.

கைக் கிரீஸைப் பெட்ரோலால் கழுவும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, கடலை மாவு போட்டுக் கழுவினால் போதும்.

பணம் பத்திரம்

பட்டறைக்காரரிடம் 'மொத்தமாக இவ்வளவு' என்று பேசாதீர்கள். கட்டம் கட்டமாக எழுதி வாங்குங்கள். முதலில் பிரேக், ஸ்டியரிங், பெட்ரோல் குழாய், வயரிங், டயர், அடுத்து எஞ்சின், அதற்குப் பிறகு தகர வேலை, பளபளப்பு கடைசியில். ஒரு கட்டம் முடிந்து பார்த்த பிறகே அடுத்ததற்குப் பணம். பளபளப்பை முதலில் செய்துவிட்டு, பிரேக்குக்குக் காசில்லாமல் நிற்கிற கார் எத்தனையோ!

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களும் கேஸ்கட்டுகளும் அதில் ஊறிக் கெட்டுப்போகும், கசிந்தால் தீப்பிடிக்கும். எனவே கண்ணுக்குத் தெரியாத இந்தக் குழாய்களில் மட்டும் 'அசல்தான் வேண்டும்' என்று பிடிவாதம் பிடிக்காமல், எத்தனால் தாங்கும் புதுக் குழாயே போடச் சொல்லுங்கள். பழைய கார்களில் சீட் பெல்ட் இருக்காது. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஊர்வலம் போக வேண்டாம்.

நகையை அடகு வைத்துக் காரைப் புதுப்பிக்கலாமா? கூடாது! காத்திருந்தால் கார் ஓடிப்போய்விடாது. மேடான தரை, ஒழுகாத கூரை, காற்றோட்டம், சக்கரத்துக்குக் கீழே முட்டு – இவை இருந்தால் இன்னும் சில வருஷம் கெடாமல் நிற்கும். பணம் சேர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

முடியவே முடியாது என்றால்?

விற்பதில் தவறில்லை. ஆனால் முழுசாக விற்றுவிடுங்கள். "லைட்டை மட்டும் கொடுங்க ஆச்சி, நல்ல விலை தர்றேன்" என்று வருபவரிடம் ஏமாறாதீர்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்து, தேக்குத் தூணும் கதவு நிலையும் தனித்தனியாகக் காரைக்குடிக் கடைகளுக்குப் போனதைப் பார்த்தவர்கள்தானே நாம்! தூண் இன்னொரு வீட்டில் நிற்கிறது. அந்த வீடு எங்கே? கோயம்புத்தூரில் 2015-ல் திறந்த ஜீடி கார் மியூசியம் போன்ற இடங்களைப் பிள்ளைகளோடு ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். முழுசாக இருக்கும் ஒரு காருக்கு என்ன மரியாதை என்பது அங்கே புரியும்.

புதுப்பிப்பதோ விற்பதோ, வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். ஆர்.சி. புத்தகம், பாட்டில்களில் போட்ட ஆணிகள், கொட்டகைச் சாவி – இந்த மூன்றும் மட்டும் வீட்டுப் பெண்மணியின் பொறுப்பில் இருக்கட்டும். காரும் பத்திரம், குழந்தையும் பத்திரம்.