"இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று சொல்லலாமா?

பழவேற்காடு ஏரியில் ஆழம் குறைவு. எங்கள் எளாவூர்ப் பக்கத்துக் குப்பங்களில் கோல் ஊன்றித்தான் படகு தள்ளுவார்கள். எங்களுக்கு வாடிக்கையாக இறால் கொடுப்பவருக்கு ஒரு நாள் அந்தக் கோல் கை நழுவிற்று. வலை முடிச்சுப் போட வரவில்லை. பிறகு நாக்குக் குழறியது. "குடிச்சிருக்கான்" என்று ஊரே சிரித்தது, பாவம்!

பல மாதம் அலைந்த பின், பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில், நரம்பு நோய்ப் படிப்பு படிக்கிற இளம் டாக்டர் நின்றபடியே சொன்னாராம்: "மோட்டார் நியூரான் நோய். இனி ஒன்றும் செய்வதற்கில்லை." அவர் சம்சாரம் என்னிடம் வந்து, "ஒண்ணுமே இல்லையாம்மா?" என்று கேட்டாள்.

விசாரித்தேன். தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழிந்துகொண்டே போகும் நோய் இது. குணமாக்க மருந்தில்லை என்பது நிஜந்தான். ரிலுசோல் மாத்திரை சில மாதம் கூட்டிக் கொடுக்கும். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-ல் இந்த நோய் என்றார்கள். அவர் 2018 வரை வாழ்ந்தார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

ஆனால் செய்ய எவ்வளவோ இருக்கிறதே! எச்சில் வழிவதைக் குறைக்க மருந்து உண்டு. புரையேறினால் நிமிர்த்தி உட்காரவைத்து, விழுங்கத் தோதான பதத்தில் ஆகாரம் கொடுக்கலாம். விழுங்கவே முடியாவிட்டால் வயிற்றுக்குக் குழாய். மூச்சுக்கு இரவில் முகமூடிக் கருவி. திணறல் முற்றினால், டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சமாக மார்ஃபின்.

இதைத்தான் நோய் ஆதரவு சிகிச்சை என்கிறார்கள். நர்சாக இருந்து டாக்டரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967-ல் லண்டனில் இதற்கென்றே ஓர் இல்லம் திறந்தார். நம் பக்கத்தில், கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கினார்கள். பெரும்பாலும் புற்றுநோய்க்காரர்களுக்கே கிடைத்து வந்தது. பார்க்கின்சன், மறதி நோய் என்று வருஷக்கணக்கில் படுப்பவர்களுக்கு மட்டும் வேண்டாமா? பெங்களூர் நிம்ஹான்ஸில் நரம்பு நோயாளிகளுக்கென்றே இந்தச் சேவை நடக்கிறது.

அந்த டாக்டர் பிள்ளையை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? எம்.டி. முடித்து, மேலும் மூன்று வருஷம் நியூராலஜி படிக்கிறார்கள். சுத்தியலால் முட்டியைத் தட்டி நோயைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பவர்கள், அதை எப்படிச் சொல்வது என்றும் கற்றுக்கொடுக்க வேண்டாமா? கற்றுக்கொடுக்க முடியும். ஒருவர் டாக்டராக, ஒருவர் நோயாளியாக, இன்னொருவர் மனைவியாக நடித்துப் பழக வைப்பார்களாம். உட்கார வேண்டும். "உங்களுக்கு இதுவரை என்ன தெரியும்?" என்று முதலில் கேட்க வேண்டும். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். (நம் வீட்டு ஆண்களுக்கும் இந்தப் பாடம் வைத்தால் தேவலை!)

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், நோய் ஆதரவு சிகிச்சைக்கு நர்சுகள் வீடு தேடி வருகிறார்கள். நரம்பு டாக்டருக்குப் படிப்பவர்களை ஒரு வாரமாவது அவர்களோடு அனுப்ப வேண்டும் என்பேன். குடிசையில் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவைப்பது என்று ஆஸ்பத்திரியில் நின்றால் தெரியுமா?

இறால்காரர் வீட்டுக்கும் ஒரு நர்சம்மா வருகிறார். பேச்சு நின்றுவிட்டதால், தண்ணீர், வலி, புரட்டிப் போடு என்று அட்டையில் படம் போடச் சொன்னார். எதைப் பார்க்கிறாரோ அது வேண்டும் என்று அர்த்தம். அவர் மகள் விளையாட்டாக ஒரு படகும் வரைந்துவிட்டாள். முதலில் அதைத்தான் பார்த்தாராம். சாயங்காலம் நாற்காலியோடு நாலு பேர் தூக்கி ஏரிக்கரைக்குக் கொண்டுபோனார்கள்.