ஏரிக்கரை வீட்டில் ஹோல்டர் மாற்றுவது

திருப்பாலைவனம் தொடங்கி பழவேற்காட்டுக் குப்பங்கள் வரை, ஏரிக்காற்று படும் வீடுகளில் எல்.இ.டி. பல்பு அடிக்கடி போனால், கம்பெனியைத் திட்டும் முன் அதைக் கழற்றி அடியைப் பாருங்கள். இரண்டு ஈயப் பொட்டுகள் இருக்கும். அவை கறுத்துக் குழி விழுந்திருந்தால் கோளாறு கூரையில் இருக்கும் ஹோல்டரில்தான்.

காற்றில் வரும் உப்பு காய்வதே இல்லை, அதுதான் தொல்லை. ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் வெயில் காலத்திலும் ஹோல்டருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒட்டியிருக்கும். செம்புக் கம்பி பச்சை பூக்கும். பல்பை அழுத்திப் பிடிக்கும் முள்ளுக்குப் பின்னால் உள்ள ஸ்பிரிங் துருவேறி இறுகிவிடும். முள் பொட்டைச் சரியாகத் தொடாததால் இடைவெளியில் பொறி பறக்கும். 'சர்ர்' என்று மெல்லிய சத்தமும் சிமிட்டலும் அதன் அடையாளம். பழைய குண்டு பல்பின் இழை சூடாகவே இருக்கும் என்பதால் இந்தத் தடுமாற்றம் அதில் அவ்வளவாகத் தெரியாது; எல்.இ.டி.க்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் தாங்காது.

ஹோல்டரை நாமே மாற்றலாமா? வயரிங் வேலைக்கு லைசென்ஸ் உள்ள ஒப்பந்ததாரர் வேண்டும் என்ற 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே, பல்பு, மின்விசிறி, பியூஸ், சுவிட்ச், பிட்டிங் ஆகியவற்றை, மின் இணைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றுவதற்கு விலக்கு அளித்திருந்தன. 2010இல் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அதைத் தொடர்ந்தன. புது லைன் இழுப்பது வேறு விஷயம். அதற்கு வயர்மேனைத்தான் கூப்பிட வேண்டும்.

சுவிட்சை அணைத்துவிட்டால் போதும் என்ற நினைப்புதான் ஆளைக் கொல்வது. சுவிட்ச் பேஸ் கம்பியில் இருக்க வேண்டும். அவசரத்தில் வயரிங் செய்த வீடுகளில் அது நியூட்ரலில் விழுந்திருக்கும். பல்பு அணையும், ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். அணைத்த பிறகும் இருட்டில் எல்.இ.டி. மங்கலாக மினுக்கினால் இதைச் சந்தேகியுங்கள். (சுவிட்சில் இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் அப்படி மினுக்கும்.) ஆகவே மெயினை அணையுங்கள். பியூஸ் கட்டை இருந்தால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். யாரும் தெரியாமல் போட்டுவிட முடியாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயின் போனாலும் விளக்குக்குக் கரண்ட் வரும். அதையும் நிறுத்த வேண்டும்.

பிறகு டெஸ்டர். அதற்குள் ஒரு நியான் குமிழும் பெரிய மின்தடையும் இருக்கின்றன. நம் உடல் வழியே போவது ஒரு மில்லி ஆம்பியரில் சிறு பங்கு என்பதால் ஷாக் தெரியாது. அது எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். மெயினை அணைக்கும் முன் கரண்ட் உள்ள பிளக்கில் தொட்டு, டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வறண்ட மர ஸ்டூலில் நிற்கும்போது அது மங்கலாகவே எரியும். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே படாமல் போகலாம்.

ஹோல்டரின் மூடியைத் திருகிக் கழற்றினால் இரண்டு கம்பிகள் தெரியும். பச்சை ஏறிய முனையை வெட்டியெறிந்து, செம்பு பளபளக்கும் இடம் வரை தோலை உரியுங்கள். இழைகளை முறுக்கி நுழைத்துத் திருகுங்கள். ஓர் இழைகூட வெளியே நீட்டக் கூடாது. இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. முள் ஹோல்டரில் எந்தக் கம்பி எந்தப் பக்கம் என்ற கவலை இல்லை. உலோக உடல் கொண்ட விளக்கு என்றால் பச்சை எர்த் கம்பி கட்டாயம். கூரையில் அந்தக் கம்பியே வரவில்லையென்றால் பிளாஸ்டிக் உடல் உள்ளதை வாங்குங்கள். கூரையில் இறுக்க இரும்புத் திருகு வேண்டாம், எவர்சில்வர் திருகு கேளுங்கள். விலை வித்தியாசம் சில ரூபாய்தான்.

தொட்டாலே வயரின் தோல் பொடிந்து உதிர்ந்தால் அங்கேயே நிறுத்தி வயர்மேனைக் கூப்பிடுங்கள். புது ஹோல்டர் போட்டும் ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் மெயின் டிரிப் ஆனால், ஸ்லாப்புக்குள் புதைத்த பைப் வழியே தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். அப்போது கொத்தனாரையும் சேர்த்துக் கூப்பிட வேண்டியிருக்கும்.