இன்ஸ்டாகிராமும் பதின்பருவ மனமும்

இன்ஸ்டாகிராம் பதின்பருவப் பெண்களை எப்படிப் பாதிக்கிறது என்று அதன் உரிமையாளரான ஃபேஸ்புக் நிறுவனமே ஆராய்ந்து வைத்திருந்தது. முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் 2021இல் அந்த ஆவணங்களை வெளிக்கொணர்ந்தார். தம் உடலைப் பற்றி ஏற்கெனவே வருந்திய சிறுமிகளில் 32 சதவீதத்தினர், இச்செயலி அந்த வருத்தத்தைக் கூட்டியதாகச் சொல்லியிருந்தனர். மெருகேற்றிய படங்களோடு தம்மை ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்கு ஒரு காரணம். பலர் எந்தப் பாதிப்பும் இல்லை என்றதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பதற்றம், மனச்சோர்வு அறிகுறிகளின் அபாயம் இரட்டிப்பு என்று 2023இல் அமெரிக்காவின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரல் விவேக் மூர்த்தி எச்சரித்தார். ஊடகம் சோர்வைத் தருகிறதா, சோர்ந்தவர்கள் ஊடகத்தை நாடுகிறார்களா என்ற விவாதம் ஓயவில்லை. ஆஸ்திரேலியா அது ஓயும்வரை காத்திராமல், 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதற்கான தடையை 2025 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.